சாமி விளக்கின் சோக்

சித்தம்மாவின் விரலில் தையல் ஊசி இறங்கிய மறுநாளே சூப்பர்வைசர் திப்பேசாமி அவளை மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டும் மேஜைக்கு அனுப்பிவிட்டான். அவளுக்குக் கண் மங்கிவிட்டதாம். எங்கள் தும்கூர் ரோடு கார்மென்ட்ஸில் அந்த மேஜைக்குப் போனவள் யாரும் தையலுக்குத் திரும்பியதில்லை.

கண்ணாவது மண்ணாவது. அவள் தலைக்கு மேலிருந்த டியூப்லைட் தீபாவளியிலிருந்தே துடித்துத் துடித்து எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஓடுகிற ஊசி நிற்பதுபோலத் தெரியும். பக்கத்து மெஷின்காரி எனக்குத் தெரியாதா?

எலக்ட்ரீஷியன் ஈரண்ணாவை இழுத்து வந்தேன்.

"ஸ்டார்ட்டர் மாத்தியாச்சு ஹொன்னக்கா. இன்னும் என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஸ்டார்ட்டரையே எத்தனை தடவ மாத்துவ? அதையும் டியூபையும் கழட்டி என் தலைக்கு மேல இருக்குற லைட்டுப் பட்டியில போட்டுப் பாரு."

போட்டான். பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் கோளாறு பட்டிக்குள் இருக்கும் சோக்கில்தான். சித்தம்மாவின் பட்டியைத் திறக்கச் சொன்னேன். அவன் ஏணியில் நின்று தலையைச் சொறிந்தான்.

"விடுங்கக்கா. புது சோக்குக்கு சார் கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு."

"திறன்னா திற."

தீய்ந்த வாடை அடித்தது. சோக்கிலிருந்து தார் வழிந்து காய்ந்திருந்தது. அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயுத பூஜையில் சோக் வரைக்கும் பொட்டு வைப்பது ஒரே ஒரு விளக்குக்குத்தான். திப்பேசாமியின் அறையில், மஞ்சுநாத சாமி படத்துக்கு மேலே, ராப்பகலாக அணையாமல் எரிகிற விளக்கு அது.

"சாமி விளக்கு கெட்டா ஆர்டர் போயிடும்னு சார் குதிச்சாருக்கா. இங்கிருந்த நல்ல சோக்க அங்க போட்டேன். அங்க இருந்தத இங்க..."

"அவ விரல் போனா பரவால்ல, இல்ல?"

ஈரண்ணா ஏணியிலிருந்து இறங்கினான்.

திப்பேசாமி மத்தியானம் ராகிக் களி சாப்பிடப் போயிருந்தான். ஈரண்ணாவை அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். அவன் சுவிட்சைத் தொடவே பயந்தான். நானே அணைத்தேன். வாசலில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நல்ல சோக் பழைய இடத்துக்கே வந்தது. சித்தம்மாவைக் கையைப் பிடித்து அவள் மெஷினில் உட்காரவைத்தேன்.

சாப்பிட்டு வந்தவன் ஆடித் தீர்த்துவிட்டான்.

"சாமிய இருட்டுல வெச்சிட்டியே, நீ உருப்படுவியா?"

"சாமிக்கு ஊசி கோக்குற வேலையா இருக்கு, சார்? அவளுக்கு இருக்கு."

என்னை வேலையை விட்டே விரட்டுவான் என்றுதான் நினைத்தேன். விரட்டக்கூட அவனுக்கு நேரமில்லை. பாக்கெட்டில் இருந்த பணத்தை ஈரண்ணா கையில் திணித்து, கடைக்கு ஓடச் சொன்னான். சித்தம்மாவை எழுப்பவும் மறந்துபோனான். அவள் கட்டுப் போட்ட விரலை மடக்காமல் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளியிலிருந்து அவளுக்கு வராத சோக், சாமிக்கு என்றதும் டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது.