மூன்று இடது வளைவுகள்

1

இந்தக் கதை ஒரு கார் சீட்டிலிருந்து வந்தது. வாடகைக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது, சாவியைக் கீழ்வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆசிரமத்தைத் தாண்டிச் செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. கீழ்வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கு எதிரே, ஓர் அம்மாள் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கார் கிடையாது, சீட் மட்டும். சாய்மானம் விழாமலிருக்கப் பின்னால் செங்கல் அடுக்கியிருந்தது. பெல்ட் கொக்கி வெளியே வரும் துளையில் ரிமோட் செருகியிருந்தது.

வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சீட்டை மறக்க முடியவில்லை.

ஓடுகிற காரிலிருந்து பின் சீட்டை எதற்குக் கழற்றுவார்கள்? திருட்டு, தீ, விவாகரத்து என்று மூன்று கதை யோசித்தேன். உண்மைக் காரணம் மூன்றையும்விட நன்றாக இருந்தது: எடை. காரை வேகமாக்க இரண்டு வழி உண்டு. இன்ஜினின் பலத்தைக் கூட்டலாம், அல்லது அது சுமப்பதைக் குறைக்கலாம். பலத்தைக் கூட்டினால் நேரான ரோட்டில் லாபம், அவ்வளவுதான். எடையைக் குறைத்தால் கிளம்பும்போதும் லாபம், பிரேக் பிடிக்கும்போதும் லாபம், வளைவில் திரும்பும்போதும் லாபம். அந்தச் சீட் இருபது கிலோ. ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு, பின் ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து எழுபத்தைந்து. அதாவது அந்த அம்மாளையே இறக்கிவிட்ட மாதிரி. [அவர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்பி எழுதுகிறேன்.]

2

எழுதி அடித்த தொடக்க வரிகள்:

அதிகாலைப் பனியில் அண்ணாமலை —

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மலையில்தான் தொடங்குகிறார்கள். மலை எங்கேயும் போய்விடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெங்களூரில் மென்பொருள் வேலையை உதறிவிட்டு வந்த அறிவுமதிக்கு வேகம் என்றால் —

பொய். கார் ஓட்டுகிற பெண்ணை வாசகர் நம்புவதற்கு ஒரு பெங்களூர் தேவைப்படும் என்று நினைத்துவிட்டேன். மன்னியுங்கள். அறிவுமதி கீழ்பென்னாத்தூரில், நெல்லும் கடலையும் போடுகிற வீட்டில் பிறந்தவள். வயது முப்பத்து நான்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்தி, சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று கட்டம் கட்டமாக எழுதுவாள். கணவன் கோபிக்கு வெளியூர் உத்தியோகம். வீட்டில் மாமியார் ஜோதியம்மாள். சீட்டில் பார்த்தோமே, அவர்தான்.

கார் பன்னிரண்டு வயதானது. இரண்டே கதவு, தரையோடு தரையாக இருக்கும். தயாரித்தவர்கள் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லி விற்றார்கள். ஜோதியம்மாளுக்கு அது பள்ளத்தில் கிடக்கிற கார்.

சென்னைப் பக்கம் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு, சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க யாருக்கும் திறந்துவிடுவார்கள். கோப்பை கிடையாது, பரிசு கிடையாது, கடிகாரம் மட்டும் உண்டு. அறிவுமதி ஒரு ஞாயிறு வேடிக்கை பார்க்கப் போனாள். அடுத்த மாதம் ஓட்டப் போனாள். இரண்டு வருடமாகப் போகிறாள். இந்த வருடம் அதை நடத்தும் கிளப் ஓர் அறிவிப்பு விட்டது: கூட்டம் அதிகமாகிவிட்டது, மெதுவாக ஓட்டுவோர் பிரிவை மூடுகிறோம். பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்குள் ஒரு சுற்றை இரண்டு நிமிடம் இருபது வினாடிக்குள் முடிப்பவர்களுக்கு மட்டுமே இனி இடம்.

அறிவுமதியின் சிறந்த நேரம் இரண்டு நிமிடம் இருபத்து மூன்று.

கதை இந்த மூன்று வினாடிதான். கிடைத்தால் தொடர்ந்து ஓட்டலாம். கிடைக்காவிட்டால் சீட் காருக்குத் திரும்பும், கார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போகும். வீட்டில் அப்படித்தான் ஒப்பந்தம்.

"மூணு செகண்டுக்கா மாசக்கணக்கா அலையற?" என்றார் ஜோதியம்மாள். "நான் தும்மறதுக்கே அதவிட ஜாஸ்தி ஆவும்."

"அங்க மூணு செகண்டுன்னா நூறு மீட்டருங்க, அத்தை."

"அப்ப நூறு மீட்டர் முன்னாடியே கெளம்பிடேன்."

அவள் சொல்லாத ஒன்றை நான் சொல்லலாம்: நாளெல்லாம் பிறருடைய எண்களை எழுதுகிறவளுக்குத் தன்னுடையது என்று இருந்த ஒரே எண் அது.

3

வேடியப்பனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கதைகளில் வரும் மெக்கானிக்குகள் இன்ஜின்மேல் காதை வைத்து நோயைச் சொல்லிவிடுவார்கள். வேடியப்பனையும் அப்படி எழுதிப் பார்த்தேன். "காதை வச்சா காதுதான் சுடும் சார், ரீடிங் குடுங்க" என்று பாதி வாக்கியத்திலேயே எழுந்து போய்விட்டார். ஞானி அல்ல. அவலூர்பேட்டை சாலையில் ஒரு ஷெட் வைத்திருப்பவர். பல சமயம் தவறாகவும், எல்லாச் சமயமும் உறுதியாகவும் பேசுவார்.

ரீடிங் என்றால் டயரின் சூடு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரு கார் தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு இடத்தில்தான். வளைவில் திரும்பும்போது கார் வெளிப்பக்கமாகச் சாயும். வெளிப்பக்க டயர்கள் பாரத்தைச் சுமக்கும். சுமக்கிற டயர் சூடாகும். சூட்டை அளந்தால் எந்த டயர் உழைக்கிறது, எது சும்மா வருகிறது என்று தெரிந்துவிடும். பிறகு சக்கரத்தின் சாய்வைக் கொஞ்சம் மாற்றலாம், ஸ்பிரிங்கை இறுக்கலாம், காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். வைத்தியம்தான்.

[முதலில் அறிவுமதி பரிசோதனைக் கூடத்தில் கிடந்த, நெற்றிக்கு நேரே காட்டும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். அது மனிதக் காய்ச்சலைத் தாண்டி அறியாதது. டயரைப் பார்த்ததும் சிவப்பாகி அலறிவிட்டது. பிறகு தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் வகையை வாங்கினார்கள்.]

ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவு இருந்தது. சதுரமாகத் தார் ரோடு, கம்பிவேலி, வரிசையாக எண் போட்ட கற்கள், நடுவில் பளபளப்பாக ஒரு பிள்ளையார் கோயில். மனை வாங்கியவர்கள் யாரும் இன்னும் வீடு கட்டவில்லை. கார் சத்தத்துக்கு ஆடுகள் உள்ளே வராது என்பதால் காவலாளிக்கு ஆட்சேபணை இல்லை.

ஆறு வாரம், வாரம் இரண்டு காலை. வேடியப்பன் பிள்ளையாருக்குச் சூடம் காட்டுவார். அறிவுமதி பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிற்பாள். இருவரும் குனிந்து டயர்களை அளப்பார்கள். அவள் பரிசோதனைக் கூடத்துத் தாளிலேயே எழுதுவாள்: கொழுப்புக் கட்டத்தில் இடது முன் டயர், சர்க்கரைக் கட்டத்தில் வலது முன் டயர். முதல் வாரம் கொழுப்பு எக்கச்சக்கம். இடது டயர்களுக்குக் காய்ச்சல் என்று முடிவு செய்தார்கள். இடது சக்கரத்தைச் சாய்த்தார்கள், இடது ஸ்பிரிங்கை இறுக்கினார்கள், அளந்தார்கள், மறுபடி சாய்த்தார்கள். ஆறாவது வாரம் நான்கு டயரும் ஒரே சூடு. சுற்று நேரமும் வெகுவாகக் குறைந்திருந்தது.

"நாலும் நார்மல்" என்றாள் அறிவுமதி. அவள் வேலையில் இதைவிட நல்ல சொல் கிடையாது.

4

இங்கே நான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு விளக்குவதற்காகப் பந்தயத் தடத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டிருந்தேன். எட்டு வளைவுகள். முதல் வளைவு வலப்பக்கம். இரண்டாவது வலப்பக்கம். மூன்றாவது இடப் —

பேனா நின்றது. முந்தைய பகுதியை எடுத்துப் படித்தேன். சதுரமான ரோடு, நடுவில் பிள்ளையார். சாமி நம் வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் சுற்றுவோம். அப்படிச் சுற்றினால் நான்கு மூலையிலும் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும். வலப்பக்கம் திரும்பும் கார் இடப்பக்கம் சாயும். இடது டயர் சூடாகத்தான் செய்யும். அது காய்ச்சல் அல்ல, உழைப்பு. இவர்கள் காரைக் குணப்படுத்தவில்லை. வலப்பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்த காராக ஆக்கிவிட்டார்கள்.

அறிவுமதி கவனிக்கவில்லை. வேடியப்பன் கவனிக்கவில்லை. மூன்று வரைவு எழுதிய நானும் கவனிக்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் ஒரே திசையில் மலையைச் சுற்றும் ஊர்ப்பக்கம் பிறந்தவர்கள் நாங்கள். சுற்றுவதற்கு இன்னொரு திசை இருக்கிறது என்பது எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. நீங்கள் கவனித்திருந்தால், உங்களுக்கு வேறு ஊர்.

[நேரான ரோட்டில் கார் ஒரு பக்கம் இழுத்திருக்குமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இழுத்தது, வலப்பக்கமாக. ஆனால் நம் ரோடுகள் மழைநீர் வடிய ஓரம் பார்த்துச் சரிந்திருக்கும். நாம் போவது இடது ஓரம். எந்தக் காரும் அங்கே மெல்ல இடப்பக்கம் நழுவும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. நெடுஞ்சாலையில் அந்தக் கார் நூல் பிடித்த மாதிரி போனது.]

நான்காவது வரைவில் சரிசெய்யப் பார்த்தேன். "ஏழாவது வாரம் வேடியப்பன் காரை எதிர்ப்பக்கமாகச் சுற்ற" என்று எழுதும்போதே அவர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டார்.

"புள்ளையாரை அந்தப் பக்கமா சுத்தச் சொல்றீங்களே சார்" என்றார். "நீங்க சுத்துவீங்களா?"

வாக்கியத்தை அடித்தேன்.

5

ஆகவே பிப்ரவரி கடைசி ஞாயிறு, அந்தக் காரோடுதான் போனார்கள். காலையில் பழகிக்கொள்ள ஒரு சுற்று, நாற்பது நிமிடம் கழித்துக் கடிகாரம் வைத்த ஒரே சுற்று.

பழகும் சுற்றில் முதல் இரண்டு வளைவுகளும் கனவு மாதிரி. ஸ்டியரிங்கை நினைத்த மாத்திரத்தில் கார் வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அறிவுமதி ஹெல்மெட்டுக்குள் சிரித்தாள். மூன்றாவது வளைவில் இடப்பக்கம் திருப்பினாள். ஸ்டியரிங் திரும்பியது. முன் சக்கரங்களும் திரும்பின. கார் மட்டும், தனக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை என்பதுபோல, மரியாதையாக நேரே போய்ப் புல்லில் இறங்கியது. எப்படியோ மேலேற்றி, மற்ற இடது வளைவுகளில் ஊர்ந்து, சுற்றை முடித்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

வேடியப்பன் முன்பக்கம் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, புல்லு அறுத்துக்கினு வந்துட்ட?"

அறிவுமதி காரிலிருந்து இறங்கவில்லை. "அண்ணா, இந்த ஆறு வாரத்துல நாம ஒரு வாட்டியாவது லெப்ட்ல திரும்பினோமா?"

அவர் நேர்மையாக யோசித்தார். "டீ குடிக்கப் போறப்ப திரும்பினோமே."

பிறகு இருவரும் கணக்குப் பேசினார்கள். புல்லில் இறங்கி ஏறியும் நேரம் இரண்டு நிமிடம் இருபத்தைந்துதான். வலப்பக்க வளைவுகள் ஐந்து, அவற்றில் லாபம். இடது வளைவுகள் மூன்று, அவற்றில் நஷ்டம். சாய்வுகளைப் பழையபடி மாற்ற அரை நாள் ஆகும். ஷாக் அப்சார்பரில் மட்டும் ஒரு திருகு உண்டு. வலப்பக்கம் இரண்டையும் வேடியப்பன் இறுக்கினார். இப்போது கார் இடப்பக்கமும் திரும்பும். மனமில்லாமல் திரும்பும்.

மீதியை அவள்தான் கால் வழியாகச் செய்ய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் வந்து முன் டயர்களைத் தரையோடு அழுத்துகிறது. அழுத்தம் இருக்கும்வரை பிடிப்பு இருக்கும். எனவே பிரேக்கைச் சட்டென்று விடாமல், மிதித்த காலை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். வேடியப்பன் இதைக் கையால் காட்டி விளக்கிக்கொண்டே போனார். அவள் இடையிலேயே தலையாட்டிவிட்டாள். இரண்டு வருடமாக மற்ற ஓட்டுநர்கள் சொல்லியும் ஏறாதது, அன்று ஏறியது.

"ஊசி எடுக்கற மாதிரி" என்றாள். "வெடுக்குனு எடுத்தா ரத்தம் கட்டிக்கும்."

6

முடிவுகள், எழுதிப் பார்த்தவை:

(அ) இரண்டு நிமிடம் பத்தொன்பது புள்ளி எட்டு. மைதானமே எழுந்து நின்று கைதட்ட, ஜோதியம்மாளின் கண்களில் —

அங்கே மைதானம் கிடையாது. ஜோதியம்மாள் வரவும் இல்லை. அன்று அவருக்கு மதியம் சீரியல் மறுஒளிபரப்பு.

(ஆ) இரண்டு நிமிடம் இருபது புள்ளி ஒன்று. தோற்றாலும் ஓட்டிய மகிழ்ச்சியே பெரிது என்று அறிவுமதி உணர்கிறாள். இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கத் திருப்தியாக இருந்தேன். பிறகு அவளிடம் படித்துக் காட்டுவதாகக் கற்பனை செய்தேன். "ஏன் சார், உங்க கதையைப் பத்திரிகைக்காரங்க திருப்பி அனுப்பிட்டா, எழுதினதே சந்தோஷம்னு விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள். கிழித்துவிட்டேன்.

(இ) கடிகாரம் பழுதாகிவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது, இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

7

கடிகாரம் வைத்த சுற்று. முதல் இரண்டு வளைவுகளும் காலையைப் போலவே. மூன்றாவதில் அழுத்தி மிதித்து, காலை நூல் நூலாக எடுத்தாள்; கார் முனகியது, திரும்பியது. நான்காவது. ஐந்தாவது இடப்பக்கம்: திரும்பியது. ஆறு, ஏழு வலப்பக்கம், அவற்றுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிச்சம் எட்டாவது வளைவு. இடப்பக்கம். அதைத் தாண்டினால் நீண்ட நேர்ரோடு, முடிவில் கோடு. வளைவை விட்டு எந்த வேகத்தில் வெளியே வருகிறோமோ அந்த வேகத்தைத்தான் நேர்ரோடு முழுக்க வளர்க்க முடியும். ஆகவே மூன்று வினாடியில் மிச்சமிருப்பது இங்கேதான் இருக்கிறது. சுவரோரம் வேடியப்பன் தன் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

வளைவுக்கு முன்னால் மூன்று பலகைகள் உண்டு: நூற்றைம்பது மீட்டர், நூறு, ஐம்பது. நூறில் பிரேக்கை மிதித்தால் பத்திரமாகத் திரும்பலாம். இருபது புள்ளி நான்கில் முடியும், அதாவது முடிந்துவிடும். ஐம்பதில் மிதித்தால் புல். நூறுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் எங்கோ ஓர் இடம் இருக்கிறது. அங்கே பலகை வைக்கவில்லை.

நான்கு வரைவிலும் நான் இந்த இடம்வரை வந்திருக்கிறேன். நான்கு முறையும் என் கால் நூறிலேயே மிதித்துவிட்டது. நான் பயந்தவன். இவளுக்கு நான் ஓட்டக்கூடாது.

இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். எப்படி என்று எல்லாம் சொல்லியாயிற்று: அழுத்தி மிதிக்க வேண்டும், மெல்ல எடுக்க வேண்டும், எடுத்துக்கொண்டே இடப்பக்கம் திருப்ப வேண்டும். எங்கே என்பது மட்டும்தான் பாக்கி.

நூற்றைம்பது போய்விட்டது. நூறு வருகிறது.

நூறும் போய்விட்டது. கால் உங்களுடையது.