வேக்குவம் கிளீனருக்கு முப்பத்தோரு கேள்விகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஒட்டம்வா நகரில், எழுபத்து மூன்றாம் வருடத்திலிருந்து தூசு உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் விற்கிறேன். விற்றதும் ஒரு சொற்பொழிவு ஆற்றுவது என் வழக்கமாக இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் அட்டையை ஒரு கேள்வி விடாமல், உண்மையாக நிரப்பி அனுப்பினால்தான் வாரண்டி செல்லும் என்று விரலை உயர்த்திச் சொல்வேன். அதில் பாதிரியாரே என்னிடம் தோற்றுப்போவார். எங்கள் அயோவா ஜனங்களும் சொன்னதைத் தட்டாதவர்கள். அட்டையில் கேட்டுவிட்டால் இடுப்புச் சுற்றளவைக்கூட டேப் வைத்து அளந்து எழுதி, சொந்தச் செலவில் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவார்கள்.

வெர்னா டிட்மார்ஷும் அனுப்பினாள். தொண்ணூற்று மூன்றில், கடைக்கு மேலே இருந்த மாடியில் குடியிருந்தவள். ஐந்து வயது மகள் டெஸ்ஸாவுக்கு இளைப்பு, தூசு ஆகாது. அதனால்தான் கிளீனர் வாங்கினாள். கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் அவள் கணவன் ராய்ஸ் இரண்டு முறை அவள் மணிக்கட்டை முறித்திருந்தான். மூன்றாவது முறைக்குக் காத்திராமல் எங்கள் ஊருக்கு ஓடி வந்துவிட்டாள். டெலிபோன் புத்தகத்தில் அவள் பெயர் கிடையாது. பெற்ற தாய்க்குக்கூட விலாசம் தரவில்லை. அவள் விலாசம் தந்தது அந்த அட்டைக்கு மட்டும்தான்.

அதில் முப்பத்தோரு கேள்விகள். வீட்டில் துப்பாக்கி உண்டா? பைபிள் படிப்பீர்களா? மூலம், முடி உதிர்தல், இளைப்பு: யாருக்கு எது? சமீபத்தில் வீடு மாறினீர்களா, எங்கிருந்து? கணவர் பெயர் என்ன? கம்பளத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன்.

முதலில் இளைப்பு மருந்து விளம்பரம் வந்தது. அப்புறம் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கான கட்டில்களின் விலைப்பட்டியல். வெர்னா சிரித்தாள். ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒரு உறையோடு இறங்கி வந்தாள். சிரிப்பு இல்லை. கோல்ஃப் சங்கக் கடிதம் அது. பெயர்: திரு. ராய்ஸ் டிட்மார்ஷ். விலாசம்: எங்கள் மாடி.

அட்டையில் அவன் பெயரை எழுதினாயா என்று கேட்டேன்.

"நீங்கதானே சொன்னீங்க மிஸ்டர் ஹால்வர்சன், ஒரு கேள்வி விட்டாலும் செல்லாதுன்னு. இன்னும் விவாகரத்து ஆகலை. பொய்யா எழுத முடியும்?"

கல்லாவில் இருந்த என் மனைவி ஆர்லிஸ் ஒரு புது அட்டையை எடுத்து, கண்ணாடி போட்டு, அடியில் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தாள். இதை அனுப்பாவிட்டாலும் வாரண்டி செல்லும் என்று போட்டிருந்தது.

"துரைக்கு இருபது வருஷமா பேசத்தான் நேரம் இருந்துச்சு. படிக்க நேரமில்லை."

கம்பெனிக்குப் போன் செய்தேன். இருபது நிமிடம் பியானோ இசை கேட்டபடி காத்திருந்த பிறகு ஒரு பெண்மணி வந்தார். தாங்கள் விலாசம் சேகரிப்பதில்லை, வாடிக்கையாளர்களோடு வாழ்நாள் உறவை வளர்க்கிறோம் என்றார். இங்கே ஒருத்தியின் வாழ்நாளே முடிந்துவிடும் போலிருக்கிறது என்றேன். மிகவும் வருந்தினார். பெயரை நீக்கத் தனிப் படிவம் உண்டாம், அதில் கணவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். பிறகு எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று குழைந்த குரலில் சொன்னார்:

"விலாசத்தைப் பத்தி கவலையே வேண்டாம் சார். சரிதானான்னு கேட்டு பழைய வீட்டுக்கும் ஒரு லெட்டர் போட்டிருந்தோம். மிஸ்டர் டிட்மார்ஷ் நேத்தே கூப்பிட்டு சரிதான்னுட்டார். ரொம்ப நன்றி சொன்னார்."

என் முகத்தைப் பார்த்தே வெர்னா புரிந்துகொண்டாள். மாடிக்கு ஓடினாள். விச்சிட்டாவிலிருந்து இங்கே வர ஏழு மணி நேரம் போதும். அவன் போன் செய்ததோ நேற்று. ஆர்லிஸ் ஊர்ப் போலீஸான ஷெரீப் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே அம்மா என்றார்கள்.

பத்து நிமிடத்தில் என் கார் கிளம்பியது. வடக்கே ஆர்லிஸின் தங்கை வீடு, மூன்று மணி நேரம். பின் இருக்கையில் தாயும் மகளும் குனிந்திருந்தார்கள். ஊர் எல்லையில் எதிரே ஒரு பிக்கப் டிரக் வந்தது. எங்கள் மாநில வண்டிகளுக்கு முன்னாலும் நம்பர் பலகை இருக்கும், கான்சாஸ் வண்டிகளுக்குக் கிடையாது. அந்த வண்டியின் முன்னால் பலகை இல்லை. என் கார் வேகம் குறைந்தது.

"எதிர்ல வர்றவங்களைப் பார்க்காதீங்க. நேரா ஓட்டுங்க," என்றாள் வெர்னா தரைப்பக்கமிருந்து.

"அப்பாவாம்மா?" என்று டெஸ்ஸா கிசுகிசுத்தாள்.

வண்டி கடந்தது. ஓட்டியவன் தொப்பி போட்டிருந்தான், முகம் தெரியவில்லை. ஊருக்குள் போகும் சாலையில் அது திரும்புவதைக் கண்ணாடியில் பார்த்தேன். வெர்னாவிடம் சொல்லவில்லை. அடுத்த இருபது மைலும் குழந்தையின் நெஞ்சு விசிலடிப்பது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.