ஒட்டிய பக்கம்

பசை போட்டது கதையக்காதான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. பிள்ளைகள் காப்பகத்தில் பத்து வருடமாகப் படப்புத்தகம் வாசித்துக் காட்டுகிறவள், கிழிந்த பக்கங்களை எத்தனையோ ஒட்டியிருக்கிறாள். நல்ல பக்கத்தை ஒட்டியது அதுதான் முதல் தடவை. புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று பின்னால் தன்னையே திட்டித் தீர்த்துக்கொண்டாள். ஆனால் பெற்றவள் ஒருத்தி எதிரே நின்று கெஞ்சிக் கேட்கும்போது யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்?

அந்தத் தாய் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். புருஷன் கப்பலில். நாலரை வயதில் ஒரு பெண், இரண்டரை வயதில் ஒரு பையன். பெண்ணைக் காப்பகத்தில் எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்; ஒரு இடத்தில் நிற்காமல் தத்தித் தத்தித் திரிந்த காலத்தில் வைத்த பெயர். ஐந்து வாரத்துக்கு முன்னால் அந்தப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். காலையில் உடம்பு சுட்டது, சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது. தகப்பன் ஓடிவந்தான், பதினைந்து நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், திரும்பக் கப்பல் ஏறிவிட்டான்.

சிட்டுவிடம் முதல் நாள் தம்பி தூங்குகிறான் என்றார்கள். மறுநாள், தம்பி பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றார்கள். அன்றோடு சிட்டு தூங்குவதை விட்டாள். ராத்திரியில் அசந்து கண் சொருகினால் உண்டு, அதுவும் பத்து நிமிஷத்தில் திடுக்கென்று எழுந்துவிடுவாள். பேச்சும் நின்றது. பெரியம்மா பொம்மை வாங்கிக்கொண்டு பார்க்க வந்தபோது, அவளுக்குப் பின்னால் வாசலை எட்டி எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை என்றானதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தவளை இழுத்து வெளியே கொண்டுவர முடியவில்லை. அந்தப் பெரியம்மா அழுதுகொண்டே போனாள், பாவம். டாக்டரிடம் காட்டினார்கள். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். குறையில்லாத உடம்பு வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டே போயிற்று. கவுன் தோளில் நிற்காமல் சரிந்தது. இப்படியே போனால் இந்தப் பிள்ளையும் கை நழுவிவிடும் என்று கதையக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கதையக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பயந்த பிள்ளைக்குப் பயந்த கரடியின் புத்தகம், கோபக்காரப் பிள்ளைக்குக் கோபக்கார ஆமையின் புத்தகம். தன் மனசில் இருப்பதைத் தானே சொல்லத் தெரியாத வயசுக்கு, அதை ஒரு கரடியோ ஆமையோ சொல்லட்டும் என்பாள். வாசித்து முடித்ததும் பாடம் எடுக்க மாட்டாள், கேள்வி கேட்க மாட்டாள். புத்தகத்தைப் பிள்ளையின் மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். பிள்ளை தானாக ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு தொடங்கும்.

சிட்டுவுக்காக அவள் தேடிப்பிடித்து வாங்கிவந்தது ஒரு எலிக்குடும்பத்தின் கதை. அம்மா எலி, அக்கா எலி, குட்டி எலி. குட்டிக்கு உடம்புக்கு வருகிறது. நடுவில் எதிரெதிராக இரண்டு பக்கம் முழுக்க ஒரே படம்: பெரிய இலை மேல் குட்டி எலி கண்மூடிக் கிடக்கிறது, சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். கீழே மூன்று வரி. 'குட்டி எலி செத்துப்போனது. இனி அது எழுந்திருக்காது. யார் செய்த தப்பாலும் அது சாகவில்லை.'

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய், அலமாரி மேல் கிடந்த அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். நடுப்பக்கம் வந்ததும் முகம் வெளிறிவிட்டது.

"இத என் பொண்ணுகிட்ட காட்டாதீங்க."

"அவகிட்ட யாராவது சொல்லித்தானேம்மா ஆகணும்?"

"நான் சொல்லிக்கறேன். கொஞ்ச நாள் போகட்டும். இந்தப் பக்கத்த மட்டும் ஒட்டிடுங்க. உங்க காலில வேணா விழறேன், ஒட்டிடுங்க."

அங்கேதான் கதையக்கா சறுக்கினாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம், புத்தகத்தையே திருப்பிக் கொடுத்திருக்கலாம். இரண்டுக்கும் மனசு வராமல், ஓரம் முழுக்கப் பசை தடவி, நடுவிலும் கொஞ்சம் தடவி, மேலே தடித்த அகராதி ஒன்றை வைத்து அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலையில் பன்னிரண்டு பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து வாசித்தாள். குட்டி எலிக்கு உடம்பு சரியில்லை. குட்டி எலி படுத்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அம்மா எலியும் அக்கா எலியும் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி.

"குட்டி எங்க?" என்று கேட்டாள் ஒரு பெண். அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் அவள் அப்பா வரும்வரை நிறுத்த மாட்டாள்.

"அது... பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கு" என்றாள் கதையக்கா.

வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி, என்ன சொல்லித் தொலைத்தோம்! சிட்டு தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. நீயுமா என்பது போல ஒரு பார்வை. கதையக்காவால் அதை நேருக்கு நேர் தாங்க முடியவில்லை.

புத்தகத்தைச் சிட்டுவின் மடியில் வைத்தாள். சிட்டு புரட்டி, தடித்துப்போயிருந்த அந்த ஒட்டிய தாளில் விரலை வைத்தாள். அப்புறம் குனிந்து காதை வைத்தாள். அசையாமல் அப்படியே இருந்தாள்.

ரேடியோவுக்குப் பொறுக்குமா? தானும் போய்க் காதை வைத்தாள். "அக்கா, உள்ள யாரோ தட்றாங்க!"

மூன்றாவதாக ஒருவன், நாலாவதாக ஒருத்தி. பத்து நிமிஷத்தில் அத்தனை பிள்ளைகளும் வரிசையில் நின்று காது வைத்துக் கேட்டுவிட்டார்கள். வழக்கமாக வரிசை என்றால் தள்ளுமுள்ளு, கிள்ளல், புகார் எல்லாம் உண்டு. அன்றைக்கு மூச்சுச் சத்தம்கூட இல்லை. கேட்டுவிட்டு வந்த ஒவ்வொரு பிள்ளையும் மூன்று விரலைக் காட்டியது.

"பசை காயுற சத்தம்டா கண்ணுங்களா" என்று சிரித்து வைத்தாள் கதையக்கா. பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டும் ஆயாம்மா காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்கு மேடம் கூப்பிட்டாலே கேக்காது" என்றாள். ஆனாலும் புத்தகத்தைக் கையிலிருந்து கீழே வைத்த வேகம் சரியில்லை. "எதுக்கும் உள்ள வெச்சுப் பூட்டிடுங்கக்கா" என்றாள்.

பூட்டினாள். அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை பிள்ளைகள் தூங்கும் நேரம். திரையை இழுத்துவிட்டு, பாய்களை வரிசையாகப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டால் அரை மணியில் அறை அடங்கிவிடும். ஆயாம்மா பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். கதையக்கா சுவரில் சாய்ந்து வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

டொக், டொக், டொக்.

மெல்லிய சத்தம். மரத்தை மரம் தட்டுவது போல. அப்புறம் நிசப்தம். கதையக்கா பேனாவை மூடினாள். காதுதான் ஏமாற்றுகிறது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுபடி மூன்று தட்டல். மறுபடி நிசப்தம். சந்தேகமே இல்லை, அலமாரிக்குள்ளிருந்துதான் வந்தது. அந்த இடைவெளிதான் அவளுக்குக் கிலியைக் கிளப்பியது. யாரோ தட்டிவிட்டு, பதில் வருமா என்று காத்திருக்கிற இடைவெளி அது.

அப்போதுதான் பாய்களைப் பார்த்தாள். பிள்ளைகள் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். வாய் திறந்திருக்கிறது, எச்சில் வழிகிறது, கண்ணிமைகூட அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் வலது கையும் பாயைத் தாண்டித் தரையில் கிடந்தது, விரல் மடங்கியிருந்தது. அலமாரியிலிருந்து சத்தம் வந்ததும் பதினோரு கைகளும் ஒன்றாக எழும்பித் தரையில் மூன்று தடவை தட்டின. கொஞ்சம் கூட முன்னே பின்னே ஆகவில்லை.

பன்னிரண்டாவது சிட்டு. விழித்திருந்தாள். இரண்டு கையையும் வயிற்றுக்கு அடியில் செருகி, கவிழ்ந்து படுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கை வெளியே வந்துவிடுமோ என்று பயந்து தன் மேலேயே ஏறிப் படுத்தவள் போலிருந்தாள். கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது.

கதையக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இந்தப் பிள்ளையை இப்படியே விட்டுவிட்டு எங்கே ஓடுவது? போனை எடுத்து மருந்துக்கடைக்குப் போட்டாள். "உடனே வாங்க. சிட்டுவுக்காகத்தான். ஒண்ணும் கேக்காதீங்க, வாங்க."

தாய் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். கடையில் போடும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க வந்தவள், பிள்ளை முழுசாகப் படுத்திருப்பதைப் பார்த்ததும் சீறினாள்.

"நல்லாத்தானே இருக்கா! வேலை நேரத்துல உயிர வாங்கறீங்களே..."

டொக், டொக், டொக்.

தரையில் பதினோரு கைகள் தட்டின. தாய் அலமாரியைப் பார்த்தாள். "அது அவனோட கட்டில்" என்றாள் குரலே இல்லாமல். "பலகையில தட்டுவான். அதக் கழட்டிப் பரண்ல போட்டுட்டேனே, அக்கா. நானே என் கையால கழட்டினேனே."

"பக்கத்த ஒட்டினது தப்பும்மா. நான் பிரிக்கப் போறேன்" என்றாள் கதையக்கா.

தாய் தடுக்கவில்லை.

கதையக்கா புத்தகத்தை எடுத்துவந்து சிட்டுவின் பாயருகே உட்கார்ந்தாள். இரும்பு அடிஸ்கேலை ஓரத்தில் நுழைத்து மெல்ல மெல்ல நெம்பினாள். சிட்டு எழுந்து முழங்காலில் நின்று பார்த்தாள். பசை லேசில் விடவில்லை; சரசரவென்று தோல் உரிவது போலப் பிரிந்தது. கடைசி மூலையும் விட்டதும் விரித்து வைத்தாள்.

இலை இருந்தது. சுற்றி நின்ற எலிகள் இருந்தன. குட்டி எலி இருந்த இடத்தில் படம் பெயர்ந்துபோய், வெறும் வெள்ளை. கீழே இருந்த மூன்று வரியையும் பசை தின்றுவிட்டிருந்தது. ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை.

கதையக்காவுக்கு அந்த வரிகள் மனப்பாடம். சொல்ல வாயெடுத்தவள் தாயைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டாள். இதை அவள்தான் சொல்ல வேண்டும்.

சிட்டு அந்த வெள்ளையில் விரலை வைத்தாள். விரலை எடுக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தாய் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "தம்பி பெரியம்மா வீட்டுல இல்லடி" என்றாள். "தூங்கவும் இல்ல. அம்மா பொய் சொல்லிட்டேன். தம்பி செத்துட்டான். இனிமே வரமாட்டான்."

சிட்டுவின் வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. ஐந்து வாரமாகப் பேசாத குரல், துருப்பிடித்த மாதிரி வந்தது.

"நான் திருப்பித் தட்டல."

"என்னடா?"

"தம்பி மூணு தட்டு தட்டுவான். நானும் மூணு தட்டணும். அன்னிக்கு அவன் தட்டினான். நீ சத்தம் போடாதேன்ன. நான் தட்டல. அதான் செத்துட்டானா?"

கதையக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பாரத்தை இந்தச் சின்ன நெஞ்சு இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறது.

"ஐயோ, இல்லடி! என் கண்ணு, இல்லவே இல்ல. உன்னால இல்ல."

சிட்டு யோசித்தாள். பிள்ளைகள் யோசிக்கிற மாதிரி, நேராக, ஒளிவுமறைவில்லாமல்.

"அப்ப உன்னாலயா?"

இந்தக் கேள்விக்குத்தான் தாய் ஐந்து வாரமாகப் பயந்து ஒளிந்திருக்கிறாள் என்பது கதையக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று காலையில் கடையிலிருந்து மருந்தைக் கொண்டுவந்து தன் கையால் புகட்டியவள் அவள். மத்தியானத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும் என்று காத்திருந்தவளும் அவள்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் தாய். "தினமும் தோணுது. சீக்கிரம் தூக்கிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பானோன்னு. டாக்டர்கிட்ட கேட்டேன். இல்லம்மா, காலையிலயே வந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்னார். உன்னாலயும் இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "என்னாலயும் இல்ல."

சிட்டு அவள் மடியில் போய் விழுந்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் அழுகை! கூரை பிய்ந்துவிடும் போல, தெருவே திரும்பிப் பார்க்கும் போல அழுதாள். தாயும் அழுதாள். அலமாரிப் பக்கம் சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க யாருக்கு நேரம்? பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தன. கை வலிக்கிறது என்று ஒன்று சிணுங்கியது. ரேடியோ பாயை விட்டுத் தவழ்ந்தே வந்து சிட்டுவின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அழற?"

கதையக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சிட்டு மடியிலிருந்து தலையைத் தூக்கிவிட்டாள். மூக்கு ஒழுக, விக்கலுக்கு நடுவே, அறைக்கே கேட்கும்படி அவளே சொன்னாள்.

"என் தம்பி செத்துட்டான்."