பங்காரம்மா கழுவிய தட்டு

1.
2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. கோவை பீளமேட்டில், தன் வீட்டில், 'இரண்டாம் சங்கு' நாடகத்தின் ஒலிவடிவத்தைப் பங்காரம்மா கேட்டார். நாற்பத்தெட்டு நிமிடம்.

இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. கைபேசிச் செயலி ஒன்றுக்காக அந்த ஒலிவடிவத்தை எழுதியது நான்.

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பார்வை போன பிறகு பங்காரம்மாவுக்கு மேடை என்பது...' அடித்துவிட்டேன். அவருக்குப் பரிதாபம் ஆகாது.

ஆனால் பார்வை போனதை மறைத்தால் கதை நிற்காது. ஐம்பது வருடங்களுக்கு முன் அந்த நாடகத்தின் நாயகி அவர். தன் காட்சியை இன்னொரு தடவை அடைய அவருக்கு மிச்சமிருந்தது காது மட்டும்.

3.
நாடகத்தின் கடைசிக் காட்சி இது. மில்லின் இரண்டாம் சங்கு ஊதியும் கணவன் வரவில்லை. விபத்தில் இறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மனைவி அவனுக்கு வைத்திருந்த தட்டைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைக்கிறாள். இரண்டு நிமிடம். ஒரு சொல் இல்லை.

பின்னால் வந்த சினிமாவில் அந்த இடத்தில் பாட்டு வைத்தார்கள். (அதைக் கேலி செய்து கட்டுரை எழுதியவள் நான். தேடிப் படிக்க வேண்டாம்.)

சரவணம்பட்டி ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளர் மதன்குமார் சொன்னார்: "ஏனுங்க மேடம், ரெண்டு நிமிசம் பேச்சே இல்லீனா, போன் கட்டாயிருச்சுன்னு நெனச்சு வேற கதைக்குப் போயிருவாங்க."

அந்த மனைவிக்கு ஒன்பது வரி வசனம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அதுதான் இன்னும்—

(முடிக்கத் தெரியவில்லை. இருக்கட்டும்.)

4.
கேட்டு முடித்ததும் பங்காரம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏனம்மணி ஃபர்சானா, யாரது கடைசீல அத்தனை பேசறது? பக்கத்து ஊட்டுக்காரியா?"

"நீங்கதானுங்கம்மா."

சிரித்துவிட்டார். "நானா? நான் தட்டு கழுவிட்டில்ல இருந்தேன்!"

"காதுல மட்டும் கேக்கறதுங்களே. தட்டு தெரியாதுங்களே."

"தட்டுக்குச் சத்தமில்லியா கண்ணு? தண்ணி ஊத்துனா கேக்கும், தேச்சாக் கேக்கும், கவுத்துனா 'டங்'குன்னு ஒண்ணு கேக்கும். கடைசி வரிசைக்காரங்களுக்கு என்ற கை எங்க தெரிஞ்சுது? அவிங்க அதைக் கேட்டுத்தான் அழுதாங்க."



5.
இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

மறுபதிவு: வசனத்தை எடுத்துவிட்டுத் தட்டின் சத்தத்தை வைக்கலாமா என்று மதன்குமாரிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை வெளியீடு, இனி முடியாதுங்க என்றார்.

இன்னொன்று: நான் அவர் சமையலறைக்குப் போய், அவர் கேட்க ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறேன். எழுதிப் பார்த்தேன், அழகாகத்தான் வந்தது. அன்றைக்கு நான் செய்யவில்லை. இங்கே செய்ததாக எழுதினால், அது நான் சேர்க்கும் பத்தாவது வரி ஆகிவிடும். அடித்துவிட்டேன்.

நீங்கள் வேறு முடிவு வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. செவ்வாய்க்கிழமை நாடகம் செயலியில் வெளியானது. ஒன்பது வரிகளும் அதில் இருக்கின்றன. பங்காரம்மா மறுபடி கேட்கவில்லை.