நாலு ராணியும் மலையளவு பட்டனும்

எங்கள் தையல் கடையில் மூன்று பேர். துணி வெட்டும் மாஸ்டர், பட்டன் ஓட்டை தைக்கும் காஜா அக்கா, இஸ்திரி போடும் நான். சனிக்கிழமை ஒருவருக்குத்தான் லீவு, யாருக்கென்று நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி கையைக் கழுவிவிட்டார். பேசினால் சண்டை வரும் என்று போக்கர் ஆடினோம். காசு கிடையாது. ஆளுக்கு ஒரு பிடி உதிரிப் பட்டன். கடைசியில் எல்லாம் யாரிடம் சேர்கிறதோ அவருக்கு லீவு.

எனக்குக் கிடைத்தால் தூங்குவேன், அவ்வளவுதான். மாஸ்டர் கதை வேறு. லீவு கிடைத்தாகிவிட்டது என்று வீட்டில் முன்கூட்டியே அளந்துவிட்டார். அதை நம்பி அவர் மனைவி, எங்கள் அண்ணி, கடற்கரைக்குப் பஸ் டிக்கெட் இரண்டு எடுத்து, பையும் கட்டிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியதில்லை என்பது அண்ணியின் கட்சி. இதுவும் கவிழ்ந்தால் மாஸ்டர் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் அவருக்குப் பந்தயம் கட்டவே தெரியாது. துணி வெட்டும்போது அளவில் சந்தேகம் வந்தால் தையலுக்கென்று இரண்டு விரல் கூட விடுவார். சீட்டிலும் அதே கை. நல்ல சீட்டென்றால் கச்சிதமாக ஐந்து பட்டன். கையில் ஒன்றுமில்லாத பாவ்லா என்றால் ஐந்தை வைத்துவிட்டு, மனசு கேட்காமல் இன்னும் இரண்டைத் தள்ளுவார். ஐந்து வைத்தால் நாங்கள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவோம். ஏழு வைத்தால் விடவே மாட்டோம்.

வெள்ளிக்கிழமை மதியம் என் பட்டனெல்லாம் அக்காவிடம் போய்ச் சேர்ந்தது. மாஸ்டரிடமும் கொஞ்சம்தான் மிச்சம். பார்க்கப் பொறுக்காமல் அவர் காதில் சொல்லித் தொலைத்தேன். "மாஸ்டர், பாவ்லா பண்ணும்போது ரெண்டு கூட வைக்கிறீங்க. ஊருக்கே தெரியுது."

அடுத்த ஆட்டத்தில் அவருக்கு நாலு ராணி. பின்னால் நின்ற எனக்கே புல்லரித்தது. ஐந்து பட்டன் வைத்தார். தலையைச் சொறிந்தார். இன்னும் இரண்டைத் தள்ளினார்.

அக்கா கண்ணில் பல்பு எரிந்தது. தன்னிடம் இருந்த அத்தனையையும் நடுவில் தள்ளி, "வர்றீங்களா மாஸ்டர்?" என்றார்.

இருப்பதை வைத்துச் சீட்டைக் காட்டினாலே போதும், பாதி ஜெயித்திருப்பார். ஒரேயடியாக முடிக்க வேண்டுமாம். கோட்டுப் பட்டன் டிராயரை உருவி மேசையில் கொட்டினார். அக்கா சட்டைப் பட்டன் டிராயரைக் கொட்டினார். இவர் ஜாக்கெட் ஹூக்கைக் கொட்ட, அவர் பெட்டி பெட்டியாகக் கவிழ்க்க, கடையில் ஒரு டிராயர் மிச்சமில்லை. சொன்னால் கேட்கிற ஜென்மங்களா இரண்டும்?

அக்கா மூன்று எட்டும் இரண்டு பத்தும் காட்டினார். மாஸ்டர் ராணிகளை ஒவ்வொன்றாக வைத்தார். அக்கா பெருமூச்சு விட்டு, "சரி, வாங்க, எல்லாத்தையும் பிரிச்சு வச்சிடலாம்" என்று குவியலில் கை வைத்தார்.

"தொடாதீங்க! தோத்தவங்க கை வைக்கக் கூடாது. அத்தனையும் என்னுது!"

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். "அத்தனையும் உங்களுதா?"

"ஆமா முதலாளி!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"அப்ப நீங்களே பிரிச்சு டிராயர்ல போடுங்க. பட்டன் இல்லாம கடை எப்படி ஓடும்? இன்னைக்குள்ள முடிச்சா லீவு உங்களுக்கு. இல்லைன்னா அக்காவுக்கு."

முடிகிற காரியமா? வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை! நான் ஒத்தாசை செய்திருப்பேன். தோற்றவன் கை வைக்கக் கூடாதாமே.

சனிக்கிழமை நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், மாஸ்டர் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அவர் இரண்டு கையிலும் பட்டன் என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். அலைச் சத்தம். கூடவே நன்றாகத் தெரிந்த ஒரு சிரிப்பு.

"டிக்கெட் வீணாகுமேன்னு காஜா அக்காவைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார் அண்ணி.

மாஸ்டருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. "என் கையில நாலு ராணி இருந்துச்சுடி."

"அக்கா சொன்னாங்க. அஞ்சாவது ராணி நான், இங்க தண்ணியில கால் நனைச்சிட்டு நிக்கிறேன். நீங்க பொறுக்குங்க."