பன்னிரண்டு அடிச் சந்து

“இந்தச் சந்த எதுக்குங்க விட்டாங்க?”

கல்யாணமான மூன்றாம் நாள், மாடிச் சன்னலில் நின்று பூரணி கேட்டாள். நகரசபையில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த அழகுமுத்துவுக்கு இதைவிட இனிப்பான கேள்வி கிடைக்குமா? விரலாலேயே சுவரில் கோடு இழுக்க ஆரம்பித்துவிட்டான்.

“வெள்ளக்காரன் பஜாருக்கு பிளான் போட்டப்ப கடைய எல்லாம் ஒட்டி ஒட்டி வச்சுட்டான். எடையில ஒரு பூனகூட போக முடியாது. முன்னால ரோட்டுப் பக்கம் யாவாரம். பின்னால பன்னெண்டு அடிச் சந்து. கக்கூஸ் வாளி எடுக்கிற வண்டி அதுலதான் வரும். தொரைமாரு வீடெல்லாம் மேட்டுல, மரத்துக்கு நடுவுல. அவங்களுக்கு நாத்தம் எட்டாது.”

“அந்த வழியாத்தான என்னயக் கூட்டிட்டு வந்தீங்க?”

சுவரில் விரல் நின்றுவிட்டது.

“கடையில சனம் இருந்துச்சுல்ல... அண்ணங்கிட்ட கேக்குறேன். ஒருநா முன்வாசல் வழியா ஒன்னயக் கூட்டிட்டுப் போறேன் பாரு.”

முப்பத்து நாலு வருஷமாகியும் அழகுமுத்து அண்ணனிடம் கேட்கவில்லை. துணிக்கடை அண்ணன் வீரபத்திரனுடையது. குடும்பம் மொத்தமும் அதன் மாடியில். வீரபத்திரன் கெட்டவர் இல்லை. பூண்டுலோயா தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண் என் கடை வழியாக நடக்கக் கூடாது என்று ஒருநாளும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. “ஆளிருக்கும்மா, பின்னால போ” என்பதோடு சரி. அந்தப் பின்வழியாகத்தான் பூரணி மரக்கறிக்குப் போனாள், பிரசவத்துக்குப் போனாள், மகள் ஹம்சினியைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள்.

இப்போது அழகுமுத்து கீழே, கடைக்குப் பின்னாலிருந்த சமையலறையில் பெட்டிக்குள் கிடந்தார். மழை விட்டிருந்தது. மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். பூரணிக்கு அழுகை வரவில்லை. அவருடைய இடது காலுறை கணுக்காலில் சுருண்டு கிடந்தது. அதை இழுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது, கை எழும்பவில்லை.

சந்துக்குள் டேப் பிடித்து அளந்துவிட்டு, கடையில் வேலை செய்யும் மூக்கன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

“பெட்டி திரும்பாதுங்க மொதலாளி. ஸ்டோர் செவுரு இடிக்குது.”

“பன்னெண்டு அடின்னு சொல்லுவாரேடா அழகுமுத்து?” என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

“அது கடுதாசியிலங்க. தரையில நாலுதான் இருக்கு.”

யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று இருமினார்கள்.

அந்த ஸ்டோரைச் சந்துக்குள் நீட்டிக் கட்டியவர் வீரபத்திரன். அதற்குப் படம் வரைந்து கொடுத்தவர் அழகுமுத்துவேதான். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்ததைப் பூரணி மட்டும் அறிவாள்.

“சந்து திரும்புற மொடக்குல மட்டும் நிமித்திப் பிடிச்சிக்கங்கடா,” என்றார் வீரபத்திரன். காலையில் தம்பிக்குச் சவரம் செய்துவிட்டவர் அவர்தான். சட்டைக் கையில் சோப்பு காய்ந்திருந்தது. “ரெண்டு எட்டுத்தான்.”

“அப்பாவ நிக்க வச்சா கொண்டு போவீங்க, பெரியப்பா?” என்றாள் ஹம்சினி.

“என்னாம்மா செய்யச் சொல்ற? எங்கப்பா, எங்கம்மா எல்லாரும் பின்னாலதான போனாங்க. கடைக்குள்ளால பொணம் போனா அப்புறம் யாரு வந்து கூறச்சீல எடுப்பா?”

ஹம்சினி அம்மாவைப் பார்த்தாள். மூக்கனும் இன்னும் மூன்று பேரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் குனிந்தார்கள்.

பூரணி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். கணவனின் அண்ணனிடம் அவள் இதுவரை நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. டீ வேண்டுமா என்பதைக்கூட அழகுமுத்து மூலமாகத்தான் கேட்பாள்.

“கொஞ்சம் பொறுங்கடா,” என்றாள். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“பெரியத்தான், அவரு ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தாரு. கட்டிக்கிட்டு வந்த நாள்லேந்து. ஒங்க மூஞ்சப் பாத்ததும் அவருக்கு வாய் வராது.”

வீரபத்திரன் அவளையே பார்த்தார். முன்னால் ரோட்டில் நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிறவரை பூரணி காத்திருந்தாள்.

“முன்வாசலத் தெறங்க. கடை வழியா போறோம். ரோடு வரைக்கும் நானும் அவரோட வாரேன்.”

வீரபத்திரன் கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் தொங்கிய திரையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி நின்றார்.