அட்டைக்குள் ஒட்டிய தாள்

மன்னர் எழுதிய கவிதை நூலின் முதல் பக்கத்தில் நினியன் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியபோது, எடின்பரோவிலேயே அவனை விடப் பெருமைக்காரன் இல்லை. கையுறை வியாபாரியிடம் மன்னரின் புத்தகம்! ஒரு வரியாவது படித்தானா என்றால், அது வேறு விஷயம்.

இன்று அந்தப் பெயரே அவனுக்கு எமனாகிவிட்டது. மூடுபனி ஈரத்தில் அட்டையின் உட்தாள் உரிந்து தொங்கியது. அதன் அடியில், மன்னரைக் கோமாளி என்று ஏசும் பழைய பாட்டுத் தாள். அதை வைத்திருந்ததற்காகப் போன குளிர்காலத்தில்தான் ஒருவனைச் சந்தையில் தூக்கில் போட்டார்கள். புத்தகத்தைக் கடையில் அச்சுத் தாளாக வாங்கி, அட்டை போடும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வது ஊர் வழக்கம். பாழாய்ப்போன பைண்டர் பாட்ரிக், கிடைத்த கழிவுத் தாளையெல்லாம் அட்டைக்குள் ஒட்டித் தொலைத்திருக்கிறான்.

"அடுப்புல போட்டுடுங்க," என்றாள் மனைவி யூஃபேம்.

"மன்னர் புத்தகத்தை எரிச்சா அதுக்கும் கயிறுதாண்டி! அரண்மனைக்காரர் இதைப் பார்க்கத்தானே இப்போ சாப்பிட வர்றார்!"

"ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது நானா?"

பாட்டுத் தாள் அட்டையோடு இறுகிக் கிடந்தது; உரிக்க நேரமில்லாமல், ஓட்ஸ் கஞ்சியைத் தடவி உட்தாளை அதன்மேல் ஒட்டினான். அவசரத்தில் பாதிக் கஞ்சி சட்டையில் வழிந்தது. அதற்குள் கதவு தட்டப்பட்டது.

அரண்மனை அதிகாரி கேவின் ஆட்டு சூப்பை உறிஞ்சி முடித்தார். "எங்கய்யா புத்தகம்? யார் யார் வாங்கினாங்க, படிக்கிறாங்களான்னு மன்னர் தினமும் கேட்டு உசுரை எடுக்கிறார்."

அட்டையைத் திறந்தார். கஞ்சி ஈரத்தோடு தாள் சரிந்து விழுந்தது. பாட்டைப் படித்தார். அவர் முகம் வெளுத்தது. நினியன் அப்படியே மண்டியிட்டான்.

"ஐயா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க! அந்த பைண்டர் பாட்ரிக் பண்ணின வேலை!"

"மாட்டு வாசல் தெரு பாட்ரிக்கா?"

"அவனேதாங்க."

கேவின் புத்தகத்தை மெல்ல மூடி வைத்தார். "என்னோட புத்தகத்தையும் அவன்தான் தச்சான்."

"ரெண்டுலயும் அந்தத் தாளை உரிச்சு எறிஞ்சிடலாமே ஐயா," என்றாள் யூஃபேம் மெதுவாக.

"எங்கம்மா உரிக்கிறது? முதல் பக்கத்துல என் பேரை எழுதி வச்சு, அதுல நீங்க கையெழுத்துப் போட்டுத் தாங்கன்னு நேத்து மன்னர் கையிலயே கொடுத்துட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி அரண்மனைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.